விட்ட இடத்தில் விழும் கால்

ஆடி மாதத்தில் தருமபுரி மாவட்டத்தில் எந்தச் சாலையில் போனாலும் ஏதாவது ஒரு மேளம் காதில் விழும். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், அரூர் என்று ஊருக்கு ஊர் அம்மனுக்குத் திருவிழா. பகலில் பம்பையும் உடுக்கையும், ராத்திரியில் தெருக்கூத்து. வசதியுள்ள ஊரென்றால் ஒரு நாள் மெல்லிசைக் கச்சேரியும் உண்டு. அந்தக் கச்சேரி மேடையின் ஓரத்தைக் கொஞ்சம் கவனிப்போம். இடுப்பளவு உயரத்தில் தோல்கருவி ஒன்று நிற்கும். ஒருவர் நின்றபடியே அதை உள்ளங்கையால் வாசிப்பார். அது தும்பா. பக்கத்திலேயே, ஒன்று சிறிதும் மற்றது சற்றே பெரிதுமாக, ஜோடியாகப் பிணைத்த கருவி பாங்கோஸ். இரண்டுக்கும் சொந்த ஊர் கியூபா.

சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்கள் 1960களில் பாங்கோஸை ஆசையோடு எடுத்துக்கொண்டன. 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்டுகிற பாட்டு ஒன்று வரும்; எம்.எஸ்.விஸ்வநாதன் வாத்தியக்காரர்களை நடத்திக்கொண்டிருப்பார். அதில் பாங்கோஸ் துள்ளுவதைக் கேட்கலாம். படத்தில் கேட்டதை மேடையில் வாசிக்க வேண்டுமென்றால் கருவியும் வேண்டுமே. அப்படித்தான் இவை மெல்லிசைக் குழுக்களோடு நம் ஊர்த் திருவிழா வரைக்கும் வந்தன. இந்தக் கருவிகளைப் பிரபலமாக்கிய கியூப ஆட்ட இசைக்கு 'சோன்' என்று பெயர். நூறு வருடம் தாண்டியும் அந்த இசைக்கு ஆட ஆள் குறையவில்லை. நம் தெருக்கூத்தும் அப்படித்தான். கதை முழுக்கத் தெரிந்தவர்களே விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஓர் ஆட்ட இசை எப்படிப் பழசாகாமல் இருக்கிறது? இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் சோன் என்றால் என்ன? கியூபாவின் கிழக்கு மூலையில், சாந்தியாகோ, குவாந்தானமோ பக்கத்து மலைக் கிராமங்களில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவான இசை. ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்த கிதாரும் பாட்டும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களின் மேளமும் அங்கே ஒன்றாகக் கலந்தன. கிதார் ஒன்று, 'ட்ரெஸ்' என்ற, மூன்று ஜோடிக் கம்பிகள் உள்ள நாட்டுக் கிதார் ஒன்று, குலுக்குகிற மராக்காஸ், ஒன்றோடொன்று தட்டும் இரண்டு மரக்குச்சிகள், பாங்கோஸ். அடிச்சுருதிக்கு முதலில் மண் ஜாடியின் வாயில் ஊதினார்கள். பிறகு அந்த இடத்துக்கு ஆளுயர வயலின் மாதிரியான டபுள் பேஸ் வந்தது. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் படைவீரர்களோடும் பிழைப்புத் தேடிப் போனவர்களோடும் சோன் தலைநகர் ஹவானாவுக்குப் போனது. 1920இல் 'செக்ஸ்தேதோ ஹபனேரோ' என்ற ஆறு பேர் குழு தொடங்கியது. அதன் இசைத்தட்டுகளை இன்றைக்கும் கேட்கலாம்.

இனி, எல்லோருக்கும் இருக்கிற ஒரு தவறான எண்ணத்துக்கு வருவோம். ஆட வைப்பது எது என்று யாரைக் கேட்டாலும் வேகம், சத்தம் என்று இரண்டைச் சொல்வார்கள். பலமாக அடி, வேகமாக அடி, கால் தானாக ஆடும். பார்த்தால் சரியாகத்தான் தெரிகிறது. திருவிழாவில் மேளம் சூடேறும்போது சத்தமும் ஏறத்தான் செய்கிறது. ஆனால் சத்தமே காரணம் என்றால், நெல் அரைக்கிற மில்லுக்கு முன்னால் நாம் ஆடியிருக்க வேண்டும். அதுவும் பலமாகத்தான் அடிக்கிறது, வேகமாகவும் ஒரே சீராகவும் அடிக்கிறது. ஒருவரும் ஆடுவதில்லை. சோனின் பழைய தட்டுகளோ அவ்வளவு சத்தமானவை அல்ல. பல பாட்டுகள் மாட்டுவண்டி வேகத்தைத் தாண்டாது. அதைக் கேட்டு எழுபது வயதுக்காரர்கள் எழுந்து ஆடுகிறார்கள்.

அப்படியென்றால் கால் எதைக் கேட்டு அசைகிறது? கைதட்டியே பார்த்துவிடலாம். ஒன்றிலிருந்து பதினாறு வரை ஒரே சீராக மனதுக்குள் எண்ணுவோம். ஒன்று, ஐந்து, ஒன்பது, பதின்மூன்று வரும்போது காலால் தட்டுவோம். இது நேர்த்தாளம், இதில் ஒரு சிரமமும் இல்லை. இப்போது வாயால் சொல்வோம்: தகிட தகிட தகதிமி தக தகதிமி. மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு; கூட்டினால் பதினாறு. ஒவ்வொரு சொல்லும் தொடங்கும் இடத்தில் மட்டும் கையைத் தட்டுவோம். ஐந்து தட்டு வரும். அந்த மரக்குச்சிகள் பாட்டு முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கும் அடி இதுதான். அதற்குக் 'க்ளாவே' என்று பெயர். சில பாட்டுகளில் பின்பாதி முன்னால் வரும், வித்தியாசம் அவ்வளவுதான்.

இரண்டு மூன்று முறை செய்தால் ஒரு விஷயம் பிடிபடும். கையின் ஐந்து தட்டுகளில் இரண்டே இரண்டுதான் காலோடு சேர்ந்து விழுகின்றன: முதலாவதும் கடைசியும். நடுவில் உள்ள மூன்றும் காலுக்கு முன்னாலோ பின்னாலோ தள்ளி விழுகின்றன. அதைவிட முக்கியம் ஒன்பதாவது எண்ணிக்கை. பின்பாதியின் தொடக்கம் அதுதான்; பலமாக ஓர் அடி விழ வேண்டிய இடம். அங்கே கை சும்மா இருக்கிறது, கால் மட்டும் தனியாகத் தட்டுகிறது. அந்த இடத்தில் உடம்பு லேசாக முன்னால் சாய்வதை நாமே உணரலாம். காது எதிர்பார்த்த அடி வரவில்லை. அதை யாராவது போட்டே ஆக வேண்டும். போடுவதற்கு நம் உடம்பைத் தவிர வேறு ஆள் இல்லை.

டபுள் பேஸ் வாசிப்பவர் இதை இன்னும் துணிச்சலாகச் செய்கிறார். 'தகிட தகிட தக' என்ற எட்டில் முதல் 'த'வை அவர் வாசிப்பதே இல்லை. இரண்டாவது தகிடவின் தொடக்கத்தில் ஒரு மீட்டு, 'தக'வின் தொடக்கத்தில் ஒரு மீட்டு. அந்த இரண்டாவது மீட்டின் நாதத்தை அடுத்த சுற்றின் முதல் எண்ணிக்கைக்கும் மேலாக இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். ஆக, சுற்றின் தலையடி, எந்த மேளமும் ஓங்கி அடிக்க நினைக்கிற அடி, சோனில் அடிச்சுருதிக்காரரால் வேண்டுமென்றே விடப்படுகிறது. நம் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது முழுக்கப் புதிதல்ல. தாளம் விழுந்த பிறகு இடம் தள்ளிப் பாட்டை எடுக்கிற வழக்கம் கர்நாடக இசையில் நன்றாகத் தெரிந்ததுதானே.

சிக்குக் கோலம் போடுகிறவர்களைப் பார்த்திருப்போம். முதலில் புள்ளி வைக்கிறார்கள். பிறகு கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிச் சுற்றிப் போகிறது. எந்தப் புள்ளியையும் தொடுவதில்லை. புள்ளி இல்லாமல் கோலம் இல்லை, புள்ளியின் மேலேயே கோடு இழுத்தாலும் கோலம் இல்லை. நேர்த்தாளத்தின் அடிகள் புள்ளி, க்ளாவேயும் பேஸும் பாங்கோஸும் கோடு. ஆடுகிறவர் புள்ளியில் கால் வைக்கிறார். சத்தத்தைக் கூட்டினால் ஆட்டம் கூடும் என்று நினைப்பவர், இடம் காலியாக இருக்கிறதே என்று எல்லாப் புள்ளியையும் அடியால் அடைத்துவிடுகிறார். அப்புறம் ஆடுகிறவர் கால் வைக்க இடம் இல்லை.

பறையடிகளில் இதற்கு நம் வழியிலான விடை ஒன்று உண்டு. அவற்றில் பல ஆறு எண்ணிக்கையில் சுழல்பவை. ஆறை மும்மூன்றாக இரண்டு பங்கும் போடலாம், இரண்டிரண்டாக மூன்று பங்கும் போடலாம். மேளம் இரண்டையும் ஒரே சமயத்தில் நினைவூட்டிக்கொண்டே போகிறது. எதைப் பிடித்து ஆடுவது என்பது ஆடுகிறவர் பாடு. ஒரே மேளத்துக்குத் தாத்தா நிதானமாகவும் பேரன் துள்ளியும் ஆடுவதும், இருவரும் தாளம் தப்பாமல் இருப்பதும் இதனால்தான்.

இது வரை தாளத்தில் விடப்படும் இடத்தைப் பார்த்தோம். பாட்டிலும் இப்படி ஓர் இடம் விடப்படுகிறது. சோன் பாட்டுக்கு இரண்டு பகுதி. முதல் பகுதியில் பாடகர் கதையையோ காதலையோ நிதானமாகச் சொல்கிறார். இரண்டாவது பகுதியான 'மொன்துனோ'வில் குழு முழுக்க ஒரே சிறு வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது. ஒவ்வொரு முறைக்கும் நடுவில் பாடகர் தன் மனதில் தோன்றியதைப் போட்டுப் போகிறார். நிற்பவரைக் கூப்பிடலாம், பக்கத்து வாத்தியக்காரரைச் சீண்டலாம், ஊர்ச் செய்தியைச் சொல்லலாம். ஆட்டம் சூடு பிடிப்பது இங்கேதான்.

தெருக்கூத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தொடக்க மேளமான களரி கட்டி முடித்ததும், திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் பாடிக்கொண்டு வேஷக்காரர் வருகிறார். திரை விலகியதும் தரு என்ற ஆட்டப்பாட்டு தொடங்குகிறது. அவர் ஒரு வரி பாடுவார். பின்னால் பெஞ்சியில் இருக்கும் பின்பாட்டுக்காரர்கள் அதையே வாங்கிப் பாடுவார்கள். ஆர்மோனியமும் முகவீணையும் கூடச் சேரும். அவர்கள் வாங்கிக்கொண்ட அந்த நேரம்தான் வேஷக்காரருக்கு ஆட்ட நேரம். அந்த வரி ஓடிக்கொண்டிருக்கும்போதே, கிரீடமும் புஜகட்டையும் ஆட, கிறுக்கி என்ற சுழலாட்டம் சுற்றி வந்து, மூச்சு வாங்கி, சரியாக வரி முடியும் இடத்தில் அடுத்த வரியை எடுப்பார். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவது சரக்கில்லாததால் என்று நினைத்தால் அது பெரிய தவறு. பின்பாட்டு ஓடாவிட்டால் ஆடுகிறவருக்கு நிற்கத் தரையே இருக்காது.

சோனுக்கும் கூத்துக்கும் ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை, ஒன்றிடமிருந்து ஒன்று எதையும் கடன் வாங்கவும் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உறவு கண்டுபிடிக்கிற ஆசை நமக்கெல்லாம் கொஞ்சம் அதிகம். இரண்டு இடத்திலும் ஆட்டக்காரரையும் வாத்தியக்காரரையும் ஒரு இரவு முழுக்கச் சேர்த்து ஓட்ட வேண்டிய தேவை இருந்தது. தேவை ஒன்றாக இருந்ததால் வழியும் ஒன்று போல வந்தது.

இரவு முழுக்க என்றது முக்கியம். மொன்துனோ எத்தனை முறை ஓட வேண்டும் என்று முன்கூட்டி யாரும் எழுதி வைப்பதில்லை. ஆட்டம் உச்சத்தில் இருந்தால் நீளும், களைத்தால் முடியும். கூத்திலும் அப்படித்தான். கூட்டம் விழித்திருந்தால் ஒரு வாக்குவாதம் ஒரு மணி நேரம் போகும். கண்ணயர்ந்தால் கோமாளியான கட்டியங்காரன் புகுந்து சிரிக்க வைப்பார். விடியப் போகிறதென்றால் கதை வேகமெடுக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து என்று பாரதம் நாட்கணக்கில் நடந்து, கடைசியில் களிமண்ணில் கிடத்திய பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தின் முன்னால் படுகளத்தில் முடியும்போது, எத்தனை நாழிகை ஆயிற்று என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

அதனால்தான் இந்த இசைகளை வெட்டினால் உயிர் போய்விடுகிறது. 1920களின் இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் கொள்ளும். அரை மணி நேரம் ஓடக்கூடிய சோனை அதற்குள் அடைத்தார்கள். மொன்துனோ தொடங்கிக் கொஞ்சம் சூடேறும்போதே தட்டு முடிந்துவிடும். நம் நகர மேடைகளில் நாட்டுப்புறக் கலைக்கு நேரம் ஒதுக்கும்போது நடப்பதும் இதுதான். ஒரு குழுவுக்குப் பத்து நிமிடம், அடுத்த குழு தயாராக நிற்கிறது. பார்க்கிறவர்கள் வேஷத்தையும் வேகத்தையும் மட்டும் பார்த்துவிட்டு, இதுதான் கூத்து என்று வீட்டுக்குப் போகிறார்கள். கலைஞர்களும் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஏற்றபடி அடிகளைக் கூட்டி, இடைவெளிகளை அடைத்துக்கொள்கிறார்கள். சத்தமும் வேகமும்தான் ஆட வைக்கின்றன என்ற எண்ணம் இப்படித்தான் தன்னைத் தானே உண்மையாக்கிக்கொள்கிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. கூத்துக்காரர்களை அழைக்கிறவர்கள் நான்கு குழுக்களுக்குப் பதில் ஒன்றை அழைத்து, இரவு முழுவதையும் கொடுத்தால் போதும்.

இந்த இசைகளை வளர்த்தவர்கள் பட்ட அவமதிப்பையும் கடந்து போக முடியாது. ஹவானாவின் பணக்கார வீடுகளில் சோனைக் கறுப்பர்களின் இரைச்சல் என்றார்கள். பாங்கோஸ் அடிப்பதற்கு அதிகாரிகள் தடை போட்ட காலமும் இருந்தது. சில ஆண்டுகளுக்குள் அதே வீட்டுக் கூடங்களில் அதே குழுக்கள் வாசித்தன. நம் ஊரில் பறையும் பம்பையும் இல்லாமல் சாமி புறப்படாது. ஆனால் அதை அடித்தவரைத் திண்ணையில் உட்கார விடாத ஊர்கள் இருந்தன. இத்தனை நுட்பமாக எண்ணிக்கையைக் கையாள்கிறவரின் வேலையைச் 'சத்தம்' என்று மட்டும் கேட்ட காது, அவரைச் சரியாகப் பார்த்ததே இல்லை.

சோன் உலகம் சுற்றிய கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1933இலிருந்து எச்.எம்.வி. நிறுவனம் 'ஜி.வி.' என்ற வரிசையில் கியூப இசைத்தட்டுகளை ஆப்பிரிக்காவில் விற்றது. அதைக் கேட்டு காங்கோவில் ஒரு புதிய கிதார் இசையே பிறந்தது. பாட்டன்மார் கொண்டுபோனது பேரன்மாருக்குத் திரும்பி வந்த மாதிரி. பிறகு நியூயார்க்கில் குடியேறியவர்கள் கையில் அது சல்சா ஆனது. 1996 மார்ச்சில் அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடர் ஹவானாவுக்குப் போனார். மாலி நாட்டுக் கலைஞர்களோடு சேர்ந்து ஒரு ஒலிப்பதிவு செய்வதாக ஏற்பாடு; அவர்களால் வந்து சேர முடியவில்லை. அங்கேயே இருந்த மூத்த கலைஞர்களைத் திரட்டினார்கள். பாடகர் கொம்பாய் செகுந்தோவுக்கு அப்போது 88 வயது. பியானோ வாசித்த ரூபன் கொன்சாலேசுக்கு 76. இப்ராஹிம் ஃபெர்ரெர் பாட்டை விட்டுவிட்டு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். 'புவேனா விஸ்தா சோஷியல் கிளப்' என்ற பெயரில் 1997இல் அந்தத் தொகுப்பு வந்தது, லட்சக்கணக்கில் விற்றது. அவர்களைப் பற்றி விம் வெண்டர்ஸ் எடுத்த படம் 1999இல் வந்தது. மறைந்துபோன இசையை மீட்டார்கள் என்று உலகம் சொன்னது. மறதியில் கிடந்தவர்கள் அந்தக் கலைஞர்கள்தான், இசை எங்கேயும் போகவில்லை. கியூபக் கிராமங்களில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பழமை மாறாமல் காப்பாற்றியதால் இவை நிலைத்தன என்றும் நினைக்க வேண்டாம். சோன் குழுவில் 1927 வாக்கில் ட்ரம்பெட் சேர்ந்தது. சிறு வயதிலேயே பார்வை இழந்த ட்ரெஸ் கலைஞர் ஆர்செனியோ ரோத்ரிகேஸ் 1940ஐ ஒட்டிப் பியானோவையும் கூடுதல் ட்ரம்பெட்டுகளையும் தும்பாவையும் சேர்த்துக் குழுவைப் பெரிதாக்கினார். நம் திருவிழா மேடையில் நிற்பது அவர் சேர்த்துக்கொண்ட அதே கருவிதான். கூத்திலும் ஆர்மோனியம் வந்தது, மைக் வந்தது, மண்ணெண்ணெய் விளக்கு போய் மின்விளக்கு வந்தது. எத்தனை கருவி கூடினாலும், விட வேண்டிய இடத்தை ஆர்செனியோ விட்டே வைத்தார். கருவிகள் கூடக் கூட அவர் குழுவின் நடை வேகம் குறைந்து, இன்னும் கனமாக, இன்னும் இடைவெளியோடு ஆனது.

இப்போது பல மெல்லிசை மேடைகளில் தும்பாவின் இடத்துக்கு ஆக்டோபேட் என்ற மின்னணுத் தாளக் கருவி வந்துவிட்டது. கருவியின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. நல்ல கை பட்டால் அதிலும் இடம் விட்டு வாசிக்கலாம். பதிந்து வைத்த தாளத்தை ஓட விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் சிக்கல். அந்தத் தாளத்துக்கு எதிரே ஆடுகிறவரின் கால் தெரியாது. பம்பைக்காரரைப் பாருங்கள், அவர் கண் தன் கருவியில் இருக்காது. எதிரே கரகம் எடுத்தவரின் காலில் இருக்கும். அந்தக் கால் தயங்கினால் அடியைத் தளர்த்துவார், துடித்தால் நெருக்குவார். பக்கத்தில் உடுக்கைக்காரர் நடுக்கயிற்றை இறுக்கியும் விட்டும் ஒலியை மேலும் கீழும் இழுத்து அதற்கு ஈடு கொடுப்பார். மொன்துனோ வந்ததும் பாங்கோஸைக் கீழே வைத்துவிட்டு மாட்டு மணி ஒன்றை எடுத்து அடிக்கிற கியூபக்காரரின் கண்ணும் இப்படித்தான் ஆடுகிறவர்கள் மேலேயே இருக்கும்.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் செக்ஸ்தேதோ ஹபனேரோவிலிருந்து தொடங்கலாம். முதலில் மரக்குச்சியை மட்டும் பிடித்துக்கொண்டு 'தகிட தகிட தகதிமி தக தகதிமி' சொல்லிப் பாருங்கள், பிறகு பேஸ் எங்கே மீட்டுகிறது என்று தேடுங்கள். கூத்துக்குப் பங்குனியிலிருந்து ஆடி வரை எப்போது வேண்டுமானாலும் தருமபுரிப் பக்கம் வரலாம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கிற ஊர் எது என்று பேருந்து நிலையத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்காராமல், பின்பாட்டுக்காரர்களின் பெஞ்சி தெரிகிற மாதிரி ஓர் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் எழுந்து போய்விடாதீர்கள். தருக்கள் நீளத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.